ரெண்டு பாய் நீளத்துக்கு ஒரு பெஞ்சு

"...அதெல்லாம் சரி சார், பெஞ்சு வந்தா மரியாதை வரும், பட்டணத்துக்காரங்க வந்தா கால் மடக்காம உக்காரலாம், ஒத்துக்கிறேன். மத்தியானம் பிள்ளைங்க எங்க படுக்கும்? அத்த மட்டும் சொல்லிட்டு ஓட்டை போடச் சொல்லுங்க."

இதைச் சொன்னது எங்கள் பாலர் வகுப்பு டீச்சர். சொன்ன இடம் கோயிலுக்குள். சர்ச்சை எங்கள் பக்கத்தில் கோயில் என்றுதான் சொல்வோம். கேட்டுக்கொண்டு நின்றது சபைக் கமிட்டி: பாஸ்டரய்யா, செக்ரட்டரி, கடைசி ஆளாக நான். திருப்பதியிலிருந்து பெஞ்சு செய்து கொண்டுவந்த ஆசாரி, துளை போடும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். தரையைக் குடைந்து பெஞ்சுகளை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். யாராவது தலையாட்டினால் போதும். வெளியே வெராண்டாவில் பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு சிணுங்கிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் கேட்டது அது ஒன்றைத்தான். ஏன் கேட்டார் என்று சொல்ல, பாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து வேலூர் போகிற ரோட்டில் இருக்கிறது. மிஷன் காலத்தில் கட்டிய கோயில், அதை ஒட்டி ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்து அறைகளில் ஒண்ணாவதிலிருந்து அஞ்சாவது வரை அடைத்துவிட்டால் பாலர் வகுப்புக்கு இடம் மிஞ்சாது. அதனால் மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைகளுக்கு எப்போதுமே கோயில்தான் வகுப்பு. பீடத்துக்கு முன்னால் ஒரு மரத் தடுப்பு உண்டு, நடுவில் சின்னக் கதவோடு. அதற்குள் பாஸ்டரய்யா போவார். சனிக்கிழமை துடைக்க டீச்சர் போவார். மற்றபடி பெரியவர், சின்னவர் யாரும் போவதில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் முழுக்கப் பிள்ளைகள் ராஜ்யம்.

பாதிப் பேர் சபைக் குடும்பத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் மாரியம்மன் கோயில் தெருவிலிருந்து வருகிறவர்கள். அந்தத் தெருப் பெண்கள் "புள்ளைய கோயில்ல உட்டுட்டு வந்தேன்" என்று சொன்னால், எந்தக் கோயில் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. டீச்சர் தெலுங்கில் பாடம் நடத்துவார், இங்கிலீஷில் எண்ணுவார், தமிழில் திட்டுவார். மூன்றும் பிள்ளைகளுக்குப் புரியும். திட்டுவது கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

தரைக்குக் கோரைப் பாய்தான். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் புதுப் பாய் வாங்குவது சபை வழக்கம். அதனால் கோயிலின் அளவையே நாங்கள் பாயில்தான் சொல்வோம். ஆண்கள் பக்கம் ரெண்டு பாய் நீளம், பெண்கள் பக்கம் ரெண்டு பாய் நீளம், நடுவில் வழி. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் உட்காருகிற அதே பாயில் மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் படுப்பார்கள். பிரசங்க நேரத்தில் சும்மா பாய்க்கடியில் கையை விட்டுத் தடவினால் ஒரு பல்பத் துண்டு, ஓர் உடைந்த வளையல், பாதி முறுக்கு என்று ஏதாவது கிடைக்கும். ஒரு தடவை செக்ரட்டரிக்குச் சப்பி வைத்த மாங்கொட்டையே கிடைத்தது. அதைக் கையில் பிடித்தபடிதான் அன்றைக்கு அறிக்கை வாசித்தார்.

மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு முறை இருந்தது. டிபன் பாக்ஸைக் காலி பண்ணிக் கை கழுவியதும், டீச்சர் உள்ளே நின்றுகொண்டு ரெண்டு தரம் மெதுவாகக் கை தட்டுவார். முன்னால் நிற்கிற பிள்ளையின் சட்டையைப் பின்னால் நிற்கிற பிள்ளை பிடித்துக்கொள்ள, ரயில் மாதிரி உள்ளே வருவார்கள். பாயில் சாய்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம் மட்டும்தான். "தூங்கற புள்ளைக்கு ஜாதியும் இல்ல, சபையும் இல்ல, எச்சில் மட்டும்தான்" என்பார் டீச்சர், அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டே.

இந்தத் தூக்கத்தை வைத்துத்தான் எங்கள் ஊர் ஓடுகிறது. சிரிக்காதீர்கள், உண்மை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில்தான் சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் ஃபாக்டரிகளும் மும்முரமாக இருக்கும். லாரி லாரியாகக் கிளிமூக்கு மாங்காய் இறங்கும். பழத்தை அறுக்கவும் கொட்டை நீக்கவும் ஆள் வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான், என் வீட்டுக்காரியும் சேர்த்து. சாயங்காலம் வேன் வந்து இறக்கிவிடும்போது, வெராண்டாவில் நிற்கிற பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே வாசனையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். பெண்களின் நகமெல்லாம் மஞ்சளாக இருக்கும். மாரியம்மன் கோயில் தெருப் பெண் ஒருத்தி என் ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: "புள்ள தூங்கினாத்தாண்ணா தாய்க்குக் கை வரும்." எனக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரி. மீதியை ஆட்டோ பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதிலேயே நான் இன்னும் கீழே இறக்கிவிடாத வார்த்தை இது.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு ஞானஸ்நானம் நடந்தது. சபையில் பிறந்து வளர்ந்து இப்போது பெங்களூரில் நன்றாக இருக்கிற ஒருவர் தன் பேரக் குழந்தையோடு வந்தார். வேலைநாள். அவர்கள் கார் வந்து நின்றது சரியாகத் தூக்க நேரம். உள்ளே பார்த்தால் பட்டுப்புடவைகள் நடக்க வழியில்லாமல் பிள்ளைகள் கவிழ்ந்தும் மல்லாந்தும் கிடந்தார்கள். ஒருத்தன் பாயை நனைத்தும் வைத்திருந்தான். அவர் கோபப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சம்பந்தி அம்மாள் முழங்கால் வலியோடு தரையில் உட்கார முடியாமல் நின்றதைப் பார்த்து வருத்தப்பட்டார். "இன்னும் பாய்தானா?" என்று கேட்டார். அடுத்த வாரமே செக்ரட்டரிக்கு போன் வந்தது: கோயில் முழுக்க பெஞ்சு போட்டுத் தருகிறேன், ஆனால் பிள்ளைகள் இழுத்துப் போட்டுவிடாமல் தரையோடு முடுக்கிவிட வேண்டும்.

கமிட்டி கூடியது. செக்ரட்டரி பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எதையும் நேரத்துக்கு எடுத்து நேரத்துக்கு முடிக்க வேண்டும் அவருக்கு.

"பாலர் வகுப்பு வெராண்டாவுல நடக்கட்டும்," என்றார். "மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிடலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு அரை நாள் போதும்."

"வீட்ல யார் சார் இருக்கா?" என்றேன். "அரை நாள் பள்ளிக்கூடம்னா அரை நாள் வேலை. ஃபாக்டரியில அரை நாள்னு ஒண்ணு இல்ல. வந்தா முழு நாள், இல்லன்னா வேற ஆளு. புள்ளைய பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தி, ஃபாக்டரி கேட்டாண்ட மரத்தடியில உக்கார வெச்சிட்டுப் போவாங்க. ஒரு மாசத்துல பாலர் வகுப்பு காலி. ஒண்ணாவதுக்கு எங்கருந்து வரும் பிள்ளைங்க?"

"உனக்கின்னாப்பா, பிள்ளைங்க வந்தாத்தான் உன் ஆட்டோ ஓடும்."

"ஆமா சார். பிள்ளைங்க வந்தா என் ஆட்டோ ஓடும், என் ஆட்டோ ஓடினா பள்ளிக்கூடம் ஓடும். உங்க பெஞ்சு எத்த ஓட்டும்?"

பாஸ்டரய்யா நல்லவர். பல ஊர்க் கோயில்களுக்கு அவர் ஒருவர்தான் என்பதால் எந்த ஊரிலும் சண்டை வேண்டாம் என்று நினைப்பவர். "பொறுமையா பாப்போம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் செக்ரட்டரி சொன்னது நடக்கும் என்று அர்த்தம். கை தூக்கச் சொன்னார்கள். என் கை ஒன்றுதான் தூங்குகிற பிள்ளைகள் பக்கம் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் இறக்காமலே வைத்திருந்தேன்.

பெஞ்சு சொல்லத் திருப்பதிக்குப் போக வேண்டும் என்றதும், தோற்றவன்தான் பாய் தூக்க வேண்டும் என்று எனக்குத் தீர்ப்பு. பாய் எதற்கு என்றால், அளவுக்கு. டேப் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிப் பார்த்தேன். "இத்தனை வருஷமா பாயிலதான் அளந்துகினு கீறோம், பாய் பொய் சொல்லுமா?" என்றார் செக்ரட்டரி.

சுருட்டிய பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏற, கண்டக்டர் "கொண்டகா?" என்று கேட்டார். மலைக்கா என்கிறார். சபைச் செக்ரட்டரி வெள்ளைச் சட்டையை நீவிக்கொண்டு "ஃபர்னிச்சருக்கு" என்றார். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் லாட்ஜ் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாயோடு வந்தவனைப் பார்த்தால் தரையில் படுக்க வந்த பக்தன் என்றுதானே தோன்றும். ஒருவர், ஏன் சாமி கஷ்டப்படுறீங்க, ஏசி ரூமே இருக்கிறது என்று தெலுங்கில் என் தோளைத் தட்டினார். செக்ரட்டரி முன்னால் வேகமாக நடந்தார், என்னைத் தெரியாதவர் மாதிரி.

ஆசாரியின் கடை ஊருக்கு வெளியே. எத்தனை அடி என்று கேட்டார். செக்ரட்டரி பாயை விரிக்கச் சொல்லி, "ஒரு பெஞ்சு ரெண்டு பாய் நீளம், அந்தப் பக்கத்துக்கும் அதே" என்றார். ஆசாரி என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். அவர் டேப்பை வைத்துப் பாயை அளந்து, இரட்டித்துக்கொண்டார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "செப்புலு வேசுகுனி கூர்ச்சுண்டாரா, விப்பேசி கூர்ச்சுண்டாரா?" செருப்பு போட்டுக்கொண்டு உட்காருவீர்களா, கழற்றிவிட்டா? அதற்குத் தகுந்த மாதிரி உயரம் வைப்பாராம்.

எங்கள் கோயில் வாசலில் செருப்பு மலை மாதிரி குவியும், உள்ளே வெறுங்கால்.

"பெஞ்சுன்னா செருப்போடதான்" என்றார் செக்ரட்டரி.

"கோயிலுக்குள்ள செருப்பா சார்?"

"அப்போ வெறுங்காலோட பெஞ்சு மேல உக்காந்து காலை ஆட்டிகினு இருக்கணுமா?"

கடைசியில், அதை ஊரில் கமிட்டி போட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஆசாரி சிரித்ததை நான் பார்த்தேன். செக்ரட்டரி பார்க்கவில்லை.

மாங்காய் சீசன் முடிவதற்குள் பெஞ்சுகள் வந்துவிட்டன. ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் லாரி வந்து நின்றது. பாய்களை எல்லாம் சுருட்டி வெராண்டா மூலையில் நிறுத்தினோம். பிள்ளைகளும் வெராண்டாவுக்குப் போனார்கள். பளபளவென்று வார்னிஷ் வாசனையோடு பெஞ்சுகளை உள்ளே வரிசை போட்டு முடித்தபோதுதான் தெரிந்தது, நடுவில் வழியைக் காணோம். அதாவது இருந்தது, ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்கு. பாஸ்டரய்யா இறங்கி நடந்து பார்த்தார். நண்டு மாதிரிதான் போக முடிந்தது.

"கல்யாணம்னா பொண்ணு முன்னால, மாப்பிள்ளை பின்னால போகணும்" என்றேன்.

"இப்பவும் அப்படித்தானே நடக்குது" என்றார் பாஸ்டரய்யா. அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

செக்ரட்டரி ஆசாரி மேல் பாய்ந்தார். ரெண்டு பாய் நீளம் சொன்னால் இது என்ன நீளம் என்றார். ஆசாரி வெராண்டாவிலிருந்து ரெண்டு பாயைக் கொண்டுவந்து, பெஞ்சு மேல் முட்டுக்கு முட்டு விரித்துக் காட்டினார். நூல் பிடித்த மாதிரி இருந்தது. பெஞ்சும் சரி, பாயும் சரி. அப்படியென்றால் கோயில்தான் சுருங்கிவிட்டது.

வாசலில் நின்றிருந்த டீச்சர் அப்போதுதான் சிரித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தார்.

"பாய முட்டுக்கு முட்டு போட்டா நடுவுல சந்து உழுது சார். சந்துல எறும்பு வருது, தூங்கற புள்ள காதுக்குள்ள போவுது. அதனால ஒரு பாய் ஓரத்து மேல இன்னொரு பாய ஒரு முழம் ஏத்திப் போடறேன். எனக்கு முன்னால இருந்த டீச்சரும் அப்படித்தான் போட்டாங்க. ஞாயித்துக்கெழமை நீங்க உக்கார்றதும் அதே போட்டதுலதான். உங்களுக்கு எப்படித் தெரியும், கண்ண மூடிகினு இல்ல ஜெபம் பண்றீங்க."

எனக்கு அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. இத்தனை வருஷம் நாங்கள் கோயிலின் அளவு என்று சொல்லிக்கொண்டு திரிந்தது பிள்ளைகள் தூங்குகிற அளவைத்தான். அதைக் கொண்டுபோய்த் திருப்பதியில் கொடுத்தால் அது எப்படிப் பெஞ்சாகும்?

செக்ரட்டரிக்கு முகம் சிவந்துவிட்டது. தோற்றுப் பழகாத மனிதர். "நடந்தது நடந்துபோச்சு. வழி குறுகலா இருந்தா இருக்கட்டும். ஞாயித்துக்கெழமை பெங்களூர்க்காரங்க பாக்க வராங்க. முடுக்குப்பா" என்றார் ஆசாரியிடம்.

ஆசாரி மெஷினை எடுத்து மடியில் வைத்தார். ஆனால் பொத்தானை அழுத்தவில்லை. வெராண்டாவிலிருந்து அழுகைச் சத்தம் வர ஆரம்பித்திருந்தது. தூக்க நேரம் தாண்டிவிட்டது. பாலர் வகுப்பில் இருக்கிற என் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே வந்து "நைனா" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கித் தோளில் போட்டதும் தூங்கிப்போனாள்.

"வெராண்டாவுல படுக்கட்டுமே டீச்சர்" என்றார் செக்ரட்டரி. "நாங்கள்லாம் சின்னதுல வீட்டுத் திண்ணையில படுக்கலையா?"

"நீங்க படுத்தப்போ இந்த ரோட்டுல மாங்கா லாரி போச்சா சார்? ஒவ்வொரு லாரிக்கும் தூக்கிவாரிப் போட்டு எழுந்துகினு அழுவும். புழுதி வேற."

"அப்போ பெஞ்சு மேலயே படுக்க வையுங்க. நல்ல அகலமாத்தான் கீது."

"நாலு வயசுப் புள்ள தூக்கத்துல ஊரைச் சுத்தி வரும். உழுந்தா யார் மடியில உழும், உங்க மடியிலயா?"

"இன்னா டீச்சர், எதுக்கெடுத்தாலும் எதிர்ப் பேச்சு. ஊருக்கு நாலு பேர் வந்தா நமக்கு ஒரு மரியாதை வாணாமா? வரவங்க கீழயே உக்காரணுமா, கால் வலிக்கறவங்க இன்னா பண்ணுவாங்க?"

கால் வலிக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். அதில் பொய் இல்லை. எங்கள் சபையிலேயே வயதானவர்கள் எழுந்திருக்க இன்னொருவர் கை தேட வேண்டியிருக்கிறது. டீச்சருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் ஒத்துக்கொண்டே பேசினார். அதெல்லாம் சரி சார் என்றார். பெஞ்சு வரட்டும், மரியாதை வரட்டும், கால் மடக்காமல் உட்காரட்டும் என்றார். பிள்ளைகள் எங்கே படுக்கும், அதை மட்டும் சொல்லிவிட்டு ஓட்டை போடச் சொல்லுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. கேட்டுவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பாஸ்டரய்யா தரையைப் பார்த்தார். செக்ரட்டரி பெஞ்சைப் பார்த்தார். நான் டீச்சரைத்தான் பார்த்தேன். உள்ளே இருந்த தரையெல்லாம் பெஞ்சுக் கால்களாக இருந்தது.

டீச்சர் வெராண்டாவுக்குப் போய் ஒரு பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். என் தோளிலிருந்து மகளை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து போக முடியாத அந்த வழியில் பக்கவாட்டில் நடந்து போனார். மரத் தடுப்பின் சின்னக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்தார்.

"டீச்சர்" என்றார் செக்ரட்டரி.

"சனிக்கெழமை தொடைக்க வரலாம்னா, திங்கக்கெழமை படுக்கவும் வரலாம்" என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமல்.

மிஷன் காலத்து ஆட்கள் பீடத்தைச் சுற்றித் தாராளமாகத்தான் இடம் விட்டிருந்தார்கள். பீடத்துக்கு நேர் முன்னால் பாயை விரித்து, என் மகளைக் கிடத்தினார். நிமிர்ந்து, வெராண்டாவைப் பார்த்து ரெண்டு தரம் மெதுவாகக் கை தட்டினார்.

அழுகை நின்றது. ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ரயில் உள்ளே வந்தது. பெரியவர்களுக்குப் பற்றாத வழி பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. ஆசாரி மெஷினைக் கீழே வைத்துவிட்டு, போட்டிருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். நான் வெராண்டாவுக்கு ஓடி மீதிப் பாய்களைத் தூக்கிவந்து தடுப்புக்கு மேலாக நீட்டினேன். பாஸ்டரய்யா தடுப்புக்குள் போய் வாங்கி டீச்சரிடம் கொடுத்தார்.

டீச்சர் ரெண்டாவது பாயை உதறினார். முதல் பாயின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்து, அதன் மேல் ஒரு முழம் ஏத்திப் போட்டார்.